மஞ்சள் காய்க்கு இன்னும் ஆறு கட்டம்

"ஹலோ… ஹலோ, அண்ணா? நான்தான்… ஆமா, நான்தான். பேரு வந்திருக்குமே… சரி சரி, கையெல்லாம் கிரீஸா இருந்தா ஸ்பீக்கர்ல போடு… இல்ல, யாருக்கும் ஒண்ணும் ஆகல. எல்லாரும் நல்லா இருக்காங்க. நான் போன் பண்ணாலே யாருக்கு என்னன்னுதான் கேக்கற… ஆமா, வாஸ்தவம்தான். நம்ம வீட்ல போன் வந்தா அப்படித்தான் இருந்திருக்கு."

படப்பிடிப்புத் தளத்தில் எல்லாரும் அவளை நோட்டு அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு காட்சியில் தண்ணீர் டம்ளர் எந்தக் கையில் இருந்தது, சட்டையில் எத்தனை பொத்தான் போட்டிருந்தது, சுவர்க் கடிகாரத்தில் மணி என்ன என்று நோட்டில் குறித்துவைத்து, அடுத்த ஷாட்டில் அது பிசகாமல் பார்த்துக்கொள்வது அவள் வேலை. பதினேழு வருஷமாக இதே பிழைப்பு. அவள் கண்ணில் மண்ணைத் தூவ யாராலும் முடியாது என்று பெயர் வாங்கியவள். இப்போது பகல் சாப்பாட்டு இடைவேளை. தளத்தின் கதவை உள்பக்கம் தாழிட்டுவிட்டு, ஒட்டுப்பலகையில் கட்டிய ஒரு வரவேற்பறையில், வெளியே தெருவே இல்லாத ஒரு ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அந்த அறையில் நிஜமான பொருள் ஒன்றே ஒன்றுதான். மேஜைமேல் விரித்திருந்த விளையாட்டுப் பலகை. அதைப் பார்க்காமல் பேச முயன்றாள், முடியவில்லை.

"எங்க இருக்க?… பதினோராவது மாடியா. லிஃப்ட் கூண்டு மேலயா உக்காந்து சாப்பிடற? கீழ கீழ பாக்காத… தெரியும், மெக்கானிக்குக்கு அதெல்லாம் பழக்கம்னு. எனக்குத்தான் நினைச்சாலே கால் கூசுது… நானா? இல்ல, இன்னும் சாப்பிடல. சாப்பாடு கெடக்கு. அண்ணா, ஒண்ணு சொல்றேன், சிரிக்கக் கூடாது… நம்ம போர்டு. அப்பா வரைஞ்ச போர்டு… அதேதான். ஞாயித்துக்கிழமை மெசேஜ் போட்டேனே, படத்துக்கு எடுத்துட்டுப் போறேன்னு. நீதான் பதிலே போடல… பாத்தேன்னு தெரியும், டிக்கு நீலமாச்சே… பரவால்ல, விடு."

அப்பா கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிக் குடும்பம் நடத்தியவர். மிச்சம் விழுந்த பலகையில், மிச்சம் விழுந்த பெயின்ட்டில், தன் மூன்று பிள்ளைகளுக்காக அறுபது கட்டம் போட்டுக் காடும் ஆறும் குகையும் வரைந்து கொடுத்தார். அறுபதாவது கட்டத்தில் ஒரு வீடு, அதன் கதவு பாதி திறந்திருக்கும். அண்ணனுக்குப் பச்சைக் காய், இவளுக்குச் சிவப்பு, கடைக்குட்டிக்கு மஞ்சள். கடைக்குட்டிக்கு நல்ல பெயர் ஒன்று வைத்திருந்தார்கள், ஆனால் வாலு என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் ஐந்து வயதுக் கைக்குள் அந்தப் பெரிய மரப் பகடை அடங்காது. அதனால் வாலுவின் முறை வரும்போதெல்லாம் அவளுக்காக அண்ணன்தான் உருட்ட வேண்டும், வேறு யார் உருட்டினாலும் செல்லாது என்று அவளே சட்டம் போட்டிருந்தாள். காயை மட்டும் அவள் நகர்த்துவாள். ஒவ்வொரு கட்டத்திலும் டொக், டொக் என்று தட்டித்தான் போவாள், ஒன்றையும் தாண்ட மாட்டாள்.

"படத்துக்குன்னு செஞ்சது மழை சீன்ல நனைஞ்சு அப்பளமா உப்பிப் போச்சு. புதுசா செய்ய ஒரு வாரம் ஆகும்னாங்க. நான் வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கணும். எங்க வீட்ல ஒண்ணு இருக்குன்னு சொல்லிட்டேன்… கதையா? குழந்தை குட்டியோட பாக்கற படம்தான். ஒரு மந்திர போர்டு. அதுக்குள்ள ஒரு சின்னப் பொண்ணு மாட்டிக்கறா. குடும்பமே காட்டுல மேட்டுல அலைஞ்சு ஆட்டத்தை முடிச்சாத்தான், அவ காய் வீடு சேந்தாத்தான், வெளிய வருவா… ம்… ம்… தெரியும் அண்ணா. கதை கேட்டன்னைக்கே இந்தப் படம் வேணாம்னு சொல்லிடலாம்னு பாத்தேன். வேலைன்னு ஒத்துக்கிட்டாச்சு, என்ன பண்ண."

கதவை யாரோ தட்டினார்கள்.

"வர்றேன் தம்பி, பத்து நிமிஷம்… உன்னை இல்லண்ணா, இங்க அசிஸ்டென்ட். கேளு. முதல் நாளே நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். எந்தக் காய் எங்க நிக்கணும்னு கையில சார்ட் இருக்கு. அதைப் பாத்து வெக்கறதுதான் என் வேலையே. பாக்காம வெச்சுட்டேன்… கை தானா வெச்சிடுச்சுண்ணா. பச்சை முப்பத்தெட்டு, சிவப்பு இருபத்திரண்டு, மஞ்சள் நாப்பத்தொண்ணு… ஆமா… ஆமா. அன்னைக்கு நின்ன இடம்தான். நீயும் மறக்கலையா… ஷாட் எடுத்து முடிச்சப்புறம்தான் எனக்கே உறைச்சுது. எடுத்தது எடுத்ததுதான், மிச்ச சீனெல்லாம் அதை ஒட்டித்தான் எடுக்கணும். டைரக்டர்கிட்ட நான் மூச்சு விடல… இல்ல, இப்ப பிரச்சினை அது இல்ல."

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். கேட்க ஆளில்லாத இடத்தில் எதற்காகத் தாழ்த்தினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"மஞ்சள் காய் நகருது… எதிர்பாத்தேன், நீ இதைத்தான் சொல்லுவன்னு. எலி எண்ணி எண்ணி வெக்குமா?… மாத்திரையெல்லாம் ஒண்ணும் சாப்பிடல, தூக்கம் நல்லாவே வருது. சொல்றதைக் கேளு. சாவி எங்கிட்ட. பூட்டிட்டுப் போறேன், போட்டோ எடுத்துட்டுப் போறேன். வந்து பாத்தா தள்ளி நிக்குது. திங்கக்கிழமை நாப்பத்தஞ்சுல நின்னுச்சு. யாரோ தொட்டுட்டாங்கன்னு செட் ஆளுங்களைப் பிடிச்சு கத்தினேன், பாவம். திருப்பி நாப்பத்தொண்ணுல வெச்சேன். மறுநாள் பாத்தா நாப்பத்தாறு. அதாவது நான் வெச்ச இடத்துலேர்ந்து போகலண்ணா. அது விட்ட இடத்துலேர்ந்து போகுது. மொத நாள் நாலு, அடுத்த நாள் ஒண்ணு, நேத்து அஞ்சு. இன்னைக்கு… இரு, நோட்டைப் பாத்துச் சொல்றேன்… என்ன சொன்ன?… மூணு. ஆமா, மூணுதான்."

நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்த விரல் நின்றது.

"நான் இன்னும் சொல்லலையே. உனக்கு எப்படித் தெரியும்?… அண்ணா… ஹலோ… லைன்ல இருக்கியா? மூச்சு விடற சத்தம் கேக்குது, பேசு… எந்தப் பகடை?… அது அன்னைக்கே தொலைஞ்சு போச்சுல்ல, ரோட்டுல… உன்கிட்டயா. இருபத்தாறு வருஷமாவா… அவ கைலயா இருந்துச்சு. இறுக்கிப் பிடிச்ச கைல… ஆஸ்பத்திரிலயா… நீதான் ஒவ்வொரு விரலா விரிச்சு எடுத்தியா."

நாற்காலி எங்கே இருக்கிறது என்று பாராமலே உட்கார்ந்தாள். படத்தில் அந்தக் குடும்பத்து அம்மா உட்காரும் நாற்காலி அது. யாரும் அதைத் தொடக் கூடாது என்று நேற்றுத்தான் நான்கு பேரை விரட்டியிருந்தாள்.

அன்றைக்கு அண்ணனுக்குப் பதின்மூன்று, இவளுக்குப் பத்து. பகடை ஜன்னல் வழியாக மாடியிலிருந்து தெருவுக்குப் போனது. எடுத்து வர வாலு ஓடினாள். பின்னோக்கி நகர்ந்துகொண்டிருந்த தண்ணீர் லாரியின் டிரைவர் கண்ணில் அவ்வளவு சின்ன உருவம் படவில்லை. அண்ணன் உருட்டிய வேகத்தில் பகடை வெளியே போய்விட்டது என்று வீடு முடிவு கட்டியது. அண்ணனும் அதை நம்பினான், ஏனென்றால் எதையும் முரட்டுத்தனமாகச் செய்கிற பையன் அவன். அப்பா அன்று அவனை அடித்தார். அதற்குப் பிறகு சாகும்வரை அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பதினெட்டு வயதில் அவன் வீட்டைவிட்டுப் போனான். நடந்தது வேறு என்று அந்த வீட்டில் ஒருத்திக்கு மட்டும் தெரியும், அவள் வாயே திறக்கவில்லை.

"மெசேஜைப் பாத்துட்டுத்தான் வெளிய எடுத்தியா… டூல் பேக்லயா வெச்சிருந்த… ம்… திங்கக்கிழமைலேர்ந்து. சாப்பிட டப்பாவைத் திறந்ததும் மூடில ஒரு தடவை, தினம் ஒரே தடவை… யாருக்குன்னு நினைச்சுப் போட்ட?… ஆமா. அவளுக்கு எப்பவும் நீதானே போடுவ. அழாதண்ணா. மேல உக்காந்துக்கிட்டு அழாத, தடுமாறிடும்… இரு, நான் எண்ணிட்டேன். இன்னும் ஆறு கட்டம்தான். ஒரே ஒரு ஆறு விழுந்தா வீடு. நினைவிருக்கா, எந்நேரமும் கேப்பாளே, அண்ணா ஆறு போடு, அண்ணா ஆறு போடுன்னு. போடு. இப்பவே போடு, நான் பாத்துக்கிட்டே இருக்கேன்."

பதில் நீளமாக வந்தது. கேட்கக் கேட்க அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

"என்ன மாட்டேன்?… குழியில போடறதா? லிஃப்ட் குழியிலயா?… அண்ணா, வேணாம். பதினோரு மாடி. அதுக்கப்புறம் யார் தேடி எடுக்கறது… பயமா இருக்குன்னா எனக்கும்தான் பயமா இருக்கு… ஆறு கட்டத்துல அவளை நிறுத்திட்டுப் போறியா… உன் கை ராசியில்லாத கையா. யார் சொன்னது?… அன்னைக்கு அடிச்சப்ப அப்பா சொன்னாரா. அப்பாவுக்கு என்ன தெரியும்… இல்ல இல்ல, கேளு. ஒரு நிமிஷம். பகடை எந்தக் கைல இருக்கு? அந்தக் கையை இறுக்கி மூடிக்கோ. நான் சொல்லி முடிக்கற வரைக்கும் திறக்காத. மூடிட்டியா?"

மறுபடியும் கதவு தட்டப்பட்டது. அவள் திரும்பவில்லை. ஜன்னலையே பார்த்தாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நீல வர்ணம் பூசிய ஒரு துணி தொங்கிக்கொண்டிருந்தது.

"நீ உருட்டின பகடை வெளிய போகல. கட்டிலுக்கு அடியில போச்சு… ஆமா, தேடினோம்ல. நீ பீரோ பக்கம், வாலு கதவு பக்கம். கட்டிலுக்கு அடியில நான். எனக்குத்தான் கிடைச்சுது. நான் இருபத்திரண்டுல கெடந்தேன். அன்னைக்குக் காலைலேர்ந்து மூணு ஆட்டம் தோத்திருந்தேன். இந்த ஆட்டம் கலைஞ்சா போதும்னு தோணிச்சு, அவ்வளவுதான். ஜன்னல் வழியா தூக்கிப் போட்டேன். போட்டுட்டு, அண்ணன் போட்ட வேகத்துல வெளிய போயிடுச்சுன்னு நானே கத்தினேன். நீ எட்டிப் பாக்கறதுக்குள்ள அவ செருப்புகூடப் போடாம படி இறங்கிட்டா… ஆமா. நான்தான்… ஆமாண்ணா, நான்தான்."

அவள் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"ஏதாவது பேசு. திட்டவாவது திட்டு… அப்ப ஏன் சொல்லலன்னா, பத்து வயசு, பயம். அப்பா உன்னை அடிச்சதைப் பாத்து இன்னும் பயம். அப்புறம்… அப்புறம் காரணமே இல்ல. வருஷம் போகப் போக வாய் வரல. அப்பாவோட கடைசி நாள், சொல்லிடணும்னுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, நீயாவது நல்ல பிள்ளையா இருக்கியேன்னார். அப்படியே எழுந்து வந்துட்டேன்… இல்ல. மன்னிக்கச் சொல்லிக் கேக்கல. இனிமே என்கூட நீ பேச வேணாம். அப்பா உன்கிட்ட இருந்த மாதிரி நீ எங்கிட்ட இரு, எனக்கு அதுதான் சரி. ஆனா உன் கைல தப்பே இல்லண்ணா. எப்பவும் இருந்ததில்ல. அவளுக்கு அந்தக் கைதான் வேணும். வேற யார் போட்டாலும் செல்லாது… அண்ணா?… அண்ணா."

லைன் போய்விட்டது. அவன் வைத்தானா, லிஃப்ட் குழிக்குள் சிக்னல்தான் போனதா என்று தெரியவில்லை. மூன்று முறை ஹலோ சொல்லிப் பார்த்தாள். பதினான்கு நிமிஷம் பேசியதாகத் திரை காட்டியது. இருபத்தாறு வருஷத்தில் அண்ணனும் தங்கையும் இவ்வளவு நேரம் பேசியதே இல்லை.

வெளியே ஆட்கள் திரும்பி வரும் சத்தம் கேட்டது. மஞ்சள் காயை நாற்பத்தொன்றில் திருப்பி வைத்தாக வேண்டும், வைக்காவிட்டால் நேற்று எடுத்த ஷாட்டோடு ஒட்டாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினாள்.

டொக்.

காய் ஐம்பத்தைந்தில் நின்றது. அவள் கை இன்னும் ஒரு சாண் தள்ளித்தான் இருந்தது.

டொக். டொக். டொக். ஆற்றுப் பாலத்தின்மேல் கொஞ்ச நேரம் நின்றது. வாலு அங்கே எப்போதும் நிற்பாள், அப்பா தண்ணீருக்குள் வரைந்திருந்த மீன்களை எண்ணிப் பார்க்காமல் போக மாட்டாள். அவசரப்படுத்தினால் அடிப்பாள். இவள் அவசரப்படுத்தவில்லை. மூச்சைக்கூட விடவில்லை.

டொக்.

டொக்.

கதவைப் படபடவென்று தட்டினார்கள். அவள் நோட்டை எடுத்து, தேதி போட்டு, மஞ்சள் அறுபது என்று எழுதினாள். பதினேழு வருஷத்தில் முதல் தடவையாக, நகர்ந்த பொருளை அவள் பழைய இடத்தில் வைக்கவில்லை. அணைந்துபோன செல்போனை மறுபடியும் காதில் வைத்துக்கொண்டாள்.

"வீடு வந்து சேந்துட்டா, அண்ணா."