பினாயிலும் இலைச்சாறும்

"பினாயில் ஊத்தினாக்கூடத்தான் அந்த செல்லெல்லாம் சாகும். அதுக்காக எதிர் வீட்டு மாமிக்குப் பினாயில் குடுப்பியா?"

தில்லி ஆர்.கே.புரத்தில் கிளம்பிய பஸ்ஸில், தமிழ் யாருக்கும் புரியாது என்ற தைரியத்தில் முன் சீட்டுப் பெண் உரக்கக் கேட்டாள். பக்கத்தில் அவள் அண்ணன். ஆராய்ச்சிக்கூடத்தில் இலைகளை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, இறங்கிய சாற்றைப் புற்றுநோய் செல்கள் மேல் விட்டுப் பார்ப்பது அவள் வேலை என்று சீக்கிரமே புரிந்துவிட்டது. நான் இந்திப் பத்திரிகையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டேன்.

"நீதானே செல் செத்துப்போச்சுன்னு வீட்டுல வந்து குதிச்சே?"

"கண்ணாடித் தட்டுல செத்துது. எலிக்குக்கூட இன்னும் குடுத்துப் பாக்கலை."

"மாமிக்குக் கான்சர்னு தெரிஞ்சதும் அம்மா ஓடிப்போய் உன் சாறைப் பத்திச் சொல்லிட்டா. மாமி ஆசையா ஒரு பாட்டில் கேக்கறா. குடேன், உனக்கென்ன நஷ்டம்?"

"அச்சா! இதை நம்பி மாமி ஆஸ்பத்திரியில கரண்ட் வெச்சுக்கற வைத்தியத்தையே நிறுத்திட்டாளே, அது யாருக்கு நஷ்டம்? ஒரு சொட்டு தரமாட்டேன். இப்பவே போய், கையைப் பிடிச்சு ஆஸ்பத்திரிக்கு இழுத்துண்டு போகப்போறேன்."

"மாமி வாய் தெரியுமில்ல? குவார்ட்டர்ஸ் பூரா கேக்கறமாதிரி திட்டுவா."

மோதி பாக் வந்தது. "பையா, ரோக்கோ!" என்று டிரைவரை நிறுத்தச் சொல்லிக் கத்திக்கொண்டே அவள் எழுந்தாள்.

"திட்டட்டும்ணா. இன்னும் இருபது வருஷம் திட்டட்டும். அதுக்குத்தான் போறேன்."