கடல் நீந்தி வந்தவன்

தேநீரை ஆறவிடாதீர்கள், தலைவரே. இது கப்பலுக்குப் போகிற தூள். உங்களுக்காக ஒரு கை எடுத்து வைத்தேன். அட்டன் தொழிற்சங்க ஆபீசிலிருந்து டயகம வரை பஸ்ஸில் குலுங்கி வந்த உடம்புக்கு நல்லது.

செல்லசாமியைப் பொலிஸ் கொண்டுபோன விஷயம்தானே? சொல்கிறேன். ஆனால் வேலை செய்யுமிடத்தில் வம்பு பேசுவதிலிருந்துதான் அதைத் தொடங்க வேண்டும்.

என் அப்பா அட்டனில் புடவைக் கடை வைத்திருந்தார். வாங்க வந்தவரின் வாயிலிருந்து விழுந்த சொல்லையே மடித்து அவரிடம் திருப்பி விற்பார். அந்தக் கடையில் வளர்ந்துவிட்டுத்தான் இந்தத் தேயிலை ஸ்டோருக்குக் கணக்கப்பிள்ளையாக வந்தேன். தூள் சலிக்கும் பெண்கள் என் பொறுப்பு. கை ஒரு பக்கம் ஓடும், வாய் ஒரு பக்கம் ஓடும். செல்லசாமியின் மனைவி அம்மாக்கண்ணுதான் அந்த அறையின் வானொலி. தோட்டத்து நிர்வாகி துரையின் நாய்க்குக் காய்ச்சல் என்றாலும் முதலில் அவளிடம்தான் கேட்கலாம்.

கட்டிய புருஷனையும் விட்டுவைக்க மாட்டாள்.

“எங்க மாமா என்னயக் கட்டிக்கணும்னு ராமேஸ்வரத்துலருந்து கடல நீந்தி வந்த மனுசன்டி. அன்னைக்கி நனைஞ்சது போதும்னு இன்னமும் குளிக்க மாட்டேங்கிறாரு.”

அறையே சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன். செல்லசாமி இந்தத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவன் என்பது எல்லோருக்கும் தெரியும்.

பிறகு பேச்சு என் பக்கம் திரும்பியது. அழகம்மா என்று ஒரு விதவைப் பெண். மற்றவர்கள் வீட்டுக்குப் போன பிறகும் அவளைப் பெட்டி அடுக்கும் அறையில் நிறுத்திக்கொள்வேன். வேலை இருந்தது. அம்மாக்கண்ணு அதற்கும் ஒன்று சொன்னாள்: “கதவச் சாத்திக்கிட்டுக் கணக்கப்புள்ள ஐயா எந்தத் தூளச் சலிக்கிறாரோ.” சொல் நல்ல சரக்குத்தான், ஒப்புக்கொள்கிறேன்.

நான் பொறுமையான ஆள். அம்மாக்கண்ணுவை மூலைக்கு மாற்றினேன். அடங்கவில்லை. ஒரு நாள் நேரே என் முன்னால் வந்து நின்றாள்.

“ஐயா, அழகம்மாவக் கொழுந்தெடுக்க மலைக்கே அனுப்பிடுங்க. அது ராவெல்லாம் அழுவுது. நீங்க அனுப்பலன்னா தொரகிட்ட நானே போயிச் சொல்லுவேன்.”

பாருங்கள், கண்டிக்காமல் விட்டால் வம்பு எங்கே போய் நிற்கிறதென்று.

அந்த வாரம் நஸாரின் தேநீர்க் கடையில் பொலிஸ்கார ராலஹாமி உட்கார்ந்திருந்தார். இந்தியாவிலிருந்து களவாகக் கடல் தாண்டி வந்த கள்ளத்தோணிகளைப் பிடித்துக் காட்டும்படி மேலிடத்து நெருக்கடி என்று புலம்பினார். அம்மாக்கண்ணு தன் புருஷனைப் பற்றிச் சொன்னதை அப்படியே சிங்களத்தில் சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை. குளியலை மட்டும் விட்டுவிட்டேன். அதைச் சேர்த்தால் அவர் சிரித்துவிடுவார்.

பொலிஸ் வந்து சலிக்கும் பெண்களை நிறுத்திக் கேட்டது, அவள் அப்படிச் சொன்னாளா இல்லையா என்று. “சொன்னிச்சிங்க” என்றார்கள். பயத்தில் அதற்கு மேல் ஒருத்திக்கும் வாய் வரவில்லை. பொய்யும் இல்லையே. எல்லோரும் உங்கள் சங்கத்துக்காரிகள்தான், தலைவரே. இங்கே பிறந்தேன் என்று காட்டச் செல்லசாமியிடம் எதுவும் இல்லை. அவன் பிறந்ததைப் பதிய வேண்டும் என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை.

அவனைக் கொழும்புக்குக் கொண்டுபோன பிறகு அம்மாக்கண்ணு பிள்ளைகளோடு என் வாசலுக்கு வந்தாள்.

“வெளாட்டுக்குச் சொன்னதுங்க, ஐயா. நீங்களுந்தான கேட்டுச் சிரிச்சீங்க. ராலஹாமிகிட்ட ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க.”

ஊர் வம்பில் நான் தலையிடுவதில்லை என்றேன்.

தலைமன்னாரில் அவனை இந்தியாவுக்குக் கப்பலேற்றினார்கள். கடலை அவன் கண்ணால் பார்த்ததே அன்றுதான் என்று நினைக்கிறேன். அவளும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பின்னால் போய்விட்டாள். அங்கே யாரிடம் போவாள் என்று எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரிந்திருக்காது.

இப்போது ஸ்டோரில் சல்லடைச் சத்தம் மட்டும்தான். அழகம்மாவின் வயிறு வெளியே தெரிகிறது; பார்க்கிறவர்கள் குனிந்துகொள்கிறார்கள். ஒழுங்கு என்றால் இதுதான். நேற்று அவளே வந்து, “இதுக்கு என்னங்க வழி? நா யாருகிட்டப் போயிச் சொல்ல?” என்று கேட்டாள். நான் கோபப்படவில்லை. எந்தத் தோட்டத்தில் பிறந்தாய், பதிந்திருக்கிறார்களா என்று மட்டும் விசாரித்தேன்.