தில்பசந்த் ஸ்வீட்டில் சேராது

மல்லேஸ்வரத்தில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். இருவரும் பல் டாக்டருக்குப் படிக்கிறவர்கள் என்பது பேச்சில் தெரிந்தது.

"ஸ்கூல் பல் கேம்ப்ல ஒன்பதாங்கிளாஸ் பசங்ககிட்ட தினமும் ஸ்வீட் சாப்பிடுவீங்களான்னு கேட்டேன்டி. ஒருத்தர் விடாம இல்லேன்னாங்க. வாயத் திறந்தா பூரா சொத்தை! எப்படிப் பொய் சொல்லுதுங்க பாரு."

"பொய் இல்லடி. அவங்களுக்கு ஸ்வீட்டுன்னா லட்டு, மைசூர்பாக்குதான். நான் கேள்வியவே மாத்திட்டேன். ஸ்கூல் விட்டதும் பேக்கரில என்ன வாங்குவீங்கன்னு கேட்டேன். ஜாம் பன், கிரீம் பிஸ்கட், தில்பசந்த்னு கொட்டிட்டாங்க."

"அடிப்பாவி! நம்ம மேடத்துக்கே இது தோணலியே. உனக்கு எப்படிடி தோணுச்சு?"

அவள் பையைத் திறந்து, தேங்காய்ப்பூரணம் பிதுங்கும் தில்பசந்த் ஒன்றை எடுத்துப் பாதியைத் தோழியிடம் நீட்டினாள்.

"நானும் ஸ்வீட்டே தொடமாட்டேன்டி."