பட்டியலின் முதல் ஆள்

போர்வைக்குள் கால்களை இழுத்துக்கொள்ளுங்கள். இது என் தோழி மரியோராவின் அண்ணிக்கு நடந்தது.

டிசம்பர். மாலை ஆறரை. மூடிக் கிடந்த நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போகும் சாலையில் அந்த அண்ணி, ரோதிகா மட்டும்... காலடியில் பனி நொறுங்கும் சத்தம். வேறு எதுவும் இல்லை.

சுரங்கத்தின் பழைய அலுவலகத்தில்தான் கணினி புரோகிராம் எழுதச் சொல்லிக்கொடுத்தார்கள். மறுநாள் தேர்வு. தேறினால் வீட்டிலிருந்தே வேலை. இல்லையென்றால், மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு இத்தாலிக்குப் போய்ச் சம்பளத்துக்கு யாரோ ஒரு கிழவியைக் குளிப்பாட்ட வேண்டும். வீட்டில் கணினி இல்லை. கடைசியாக ஒருமுறை பயிற்சி செய்து பார்க்க, அலுவலகச் சாவியை வாங்கிக்கொண்டு தனியாக வந்திருந்தாள்.

ஆசிரியர் எமில் வகுப்பில் சொல்லியிருந்தார்: “தப்பு எங்கன்னு தெரியலையா? எதிர்ல ஒரு காலி நாற்காலியைப் போட்டு, வரி வரியா அதுக்கு விளக்குங்க. வாய்விட்டுச் சொன்னா பிடிபட்டுடும்.”

“அது மேல இந்த ஹெல்மெட்டையும் வை, தங்கச்சி,” என்றார் கூடப் படித்த முன்னாள் சுரங்கத் தொழிலாளி நேலு. “எங்க ஆளுங்க வெறுந்தலையோட உட்கார மாட்டாங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து ஹெல்மெட் அந்த நாற்காலி மேலேயே இருந்தது.

பயிற்சி எளிதுதான். சுரங்கத்துக்குள் இறங்கிய பன்னிரண்டு பேரின் பட்டியல். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி மேலே கூப்பிட வேண்டும். புரோகிராமை ஓடவிட்டாள். திரையில் பதினொரு பெயர். மறுபடியும்... பதினொன்று.

நாற்காலியின் எதிரே போய் உட்கார்ந்தாள்.

“இது பட்டியல். இங்க ஒண்ணுலேர்ந்து எண்ண ஆரம்பிக்கிறேன்...”

கிரீச்.

நாற்காலி ஒரு விரற்கடை முன்னால் வந்தது. காது சரியாகக் கேட்காதவர் இழுத்துப் போட்டுக்கொள்வதுபோல. ஈரக் கரியின் வாடை...

“என்னைக் கூப்பிடலியே.”

தூசி அடைத்த தொண்டை. கோபம் இல்லை. நெடுநாள் காத்திருந்த குரல்.

ஓடியிருக்கலாம். மகளின் முகம் நினைவுக்கு வந்தது. அந்த வரியையே பார்த்தாள்... கணினி பூஜ்யத்திலிருந்தல்லவா எண்ணும்! முதல் ஆளை அவள் விட்டுவிட்டாள். ஒன்றை அழித்துப் பூஜ்யம் போட்டாள். பன்னிரண்டு பெயர்களும் வந்தன.

எதிரே ஒரு பெருமூச்சு. வெளியே, கான்கிரீட் ஊற்றி அடைத்த சுரங்க வாயிலில், ஆட்களை ஏற்றிவரும் கூண்டு மேலே வந்துவிட்டது என்று சொல்லும் மணி... ஒரே ஒரு முறை.

ரோதிகா தேறினாள். இத்தாலிக்குப் போகவில்லை. மகள் தூங்கியபின் தனியாக உட்கார்ந்து வேலை பார்ப்பாள். அப்போது வாசலில் யாரோ பூட்ஸ் சேற்றைத் தட்டுவார்கள், வேலை முடிந்து வீடு திரும்பிய ஆள்போல. கதவைத் திறந்தால் யாரும் இல்லை.

படியில் கரித்தூள். அதில் காலடித் தடம்... உள்ளே போகும் திசையில்.