டிரையருக்குள் ஒரு துண்டு வயர்

காப்பி ஆறிவிடும், குடி ரசாக். உன் கையில் இருக்கிறதே அந்த விரல் நீள வயர், அது நீ மறந்துவிட்டுப் போனதில்லை. நான் வைத்தது.

சிங்கப்பூரிலிருந்து என் மகன் சசிதர் அனுப்பிய, துணி காயவைக்கிற இந்த டிரையர் போல இந்தத் தொண்ணூற்றாறாம் வருஷத்திலும் பீளமேட்டில் யார் வீட்டிலும் கிடையாது. போன தை மாதம் அது சூடாகாமல் நின்றது. நீதான் வந்து பின்மூடியைக் கழற்றினாய். சூட்டை நிறுத்துகிற தெர்மோஸ்டாட்டைத் தாண்டி ஒரு வயரைப் போட்டுச் சோதித்தாய். "இப்பிடியே உட்டா சூடு நிக்காம ஏறுமுங்கம்மா, துணியெல்லாஞ் சுருங்கிப்போயிரும்" என்று எடுத்துவிட்டு, புது தெர்மோஸ்டாட்டை மாட்டினாய். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பார்ப்பது ஒரு குற்றமா?

எங்கள் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. எடையைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். நாய் வாலை நிமிர்த்தினாலும் அவர் நாக்கைக் கட்ட முடியாது. சனிக்கிழமை தவறாமல் ஒரு கிலோ நெய் மைசூர்பா வரும். எனக்கு ஓரத்துத் துண்டு ஒன்று கிடைக்கும். கல்யாணமான நாளிலிருந்து ஓரத்துத் துண்டுதான்.

ஆகவே நீ செய்த மாதிரியே உள்ளே ஒரு வயரை மாட்டி, அவர் சட்டைகளை மட்டும் தனியாகப் போட்டு ஓட்டினேன். முதலில் கழுத்துப் பித்தான் எட்டவில்லை. பிறகு வயிற்றுப் பித்தான்.

"ஏங் கனகம், நான் குண்டாயிட்டனா?"

"கொஞ்சமுங்க."

ஆடிப்போனார் மனுஷர். கம்மங்கூழுக்கு மாறினார், விடிந்ததும் ரேஸ்கோர்ஸில் நடந்தார். உடம்பு இளைத்தது. நான் விடுவேனா? சட்டையையும் கூடவே இளைக்க வைத்தேன். இப்போது தோசையில் எண்ணெயைத் துடைத்துவிட்டுத்தான் சாப்பிடுகிறார், பாவம். மைசூர்பா வாங்குகிற பழக்கம் மட்டும் போகவில்லை. "நீ சாப்புடு கனகம், உனக்கென்ன" என்பார், கண் கலங்கும். வீணாகக் கூடாதே என்று முழுக் கிலோவையும் நானே தீர்க்கிறேன்.

நேற்று உள்ளே வயரெல்லாம் கருகி ஃபியூஸ் போனது. "ரசாக் உட்டுப்போட்டுப் போன வயருதான், இனி அவன் இந்தப் படி ஏறக் கூடாது" என்று சற்று முன் அவர் கத்தியது எனக்கும் வருத்தம்தான். அவரிடம் உண்மையைச் சொல்லுங்கள் என்கிறாய். சொன்னால் மறுபடி மைசூர்பாவைத் தொடுவார். அவர் உடம்பு என்னாவது? உனக்கு ஊரில் வேறு வீடுகளா இல்லை?

மெஷினை வேறு ஆளை வைத்துச் சரி பண்ணிக்கொள்கிறேன். அந்த வயரை மட்டும் கொடுத்துவிட்டுப் போ.

ஒன்றுதான் எனக்கு விளங்கவில்லை. என் ஜாக்கெட்டுகளை நான் டிரையரில் போடுவதே இல்லை, மொட்டை மாடிக் கொடியில்தான் காய்கின்றன. இப்போது அவையும் கை ஏற மாட்டேன் என்கின்றன. பீளமேட்டு வெயில் முன்னைப்போல் இல்லை, ரசாக்.