காரணம் தெரியாத நோவுக்கு ஒரு பேர்

"ஹலோ... ஆமா, மருந்துக்கடைதான். ஓ, சம்பந்தியம்மாவா! சொல்லுங்க... ஆமா, ஆமா, பொண்ணு இங்கதான் இருக்கா. நீங்கதானே பெட்டியைக் கட்டி அனுப்பினீங்க?"

மருந்துக்கடைக்காரி ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, மாத்திரை அட்டையைக் கத்தரித்து, கடைக்கு வந்தவரிடம் நீட்டினாள். அலமாரிக்குப் பின்னால் மகள் டப்பாக்களை அடுக்கும் சத்தம் நின்றது.

"என்னது?... குழந்தை இல்லாததுக்குக் காரணம் கெடச்சிடுச்சா? ரிப்போர்ட்டுலயே இருக்கா?... எழுத்துக் கூட்டிப் படிங்க... இடியோ... ம்... பதிக். ஆமா, ஆமா, பெரிய வார்த்தைதான். யார் யார்கிட்ட சொன்னீங்க?... ஓரகத்தி... நாத்தனார்... கல்யாணத் தரகர்கிட்டயுமா? அடேங்கப்பா, வாய் வலிக்கலையா?

"கத்தாதீங்க... இல்ல, தொத்தாது... பரம்பரையா? எங்க பரம்பரையா? இருங்க, முப்பது வருஷமா டாக்டர் கிறுக்கலைப் படிச்சு சோறு திங்கறவ சொல்றேன். அது கிரேக்கத்துலேருந்து வந்த வார்த்தை. முன்பாதின்னா தன்னோடது, பின்பாதின்னா நோவு. தானா வந்த நோவு. ஏன் வந்துச்சுன்னு தெரியலைன்னு அர்த்தம். தெரியலைன்னு பச்சையா எழுதினா டாக்டருக்கு மரியாதை இருக்குமா? அதான் கோட்டு மாட்டிவிட்டிருக்காங்க. அவருக்கே தெரியாத காரணம் உங்களுக்கு மட்டும் தெரிஞ்சுபோச்சு!

"...அப்பவும் கோளாறு இவகிட்டதானா? சரி. அடி வரியை விடுங்க. தலைப்பக்கம் யார் பேர் போட்டிருக்கு? படிங்க... சத்தமா... ஹலோ?... இருக்கீங்களா?"

மருந்துக்கடைக்காரி ரிசீவரை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஆமா, உங்க புள்ள பேர்தான்... மாத்தியெல்லாம் போடல, பக்கத்துல 'ஆண்'னு இருக்கு பாருங்க... இவளுக்குத் தெரியுமாவா? தெரியுமே. வெளிய சொல்லாதேன்னு உங்க புள்ளதான் கையைப் புடிச்சுக் கெஞ்சினாராம். நீங்க பெட்டி கட்டறப்பகூட இவ வாயைத் தொறக்கல. நேத்துதான் எங்கிட்டயே சொன்னா.

"அழாதீங்க சம்பந்தி. நோவு வந்தது அவர் தப்பில்ல, அதான் எழுதியிருக்கே. ஆனா, பொண்டாட்டியை ஊரே ஏசறப்ப சும்மா நின்னாரே, அதுக்கு கிரேக்க வார்த்தை வேண்டாம். கோழைத்தனம்னு தமிழ்லயே இருக்கு... என்னது, பக்கத்துலதான் நிக்கிறாரா? இவ்வளவு நேரமுமா? குடுங்க போனை.

"மாப்பிள்ளை... ம்... ம்... அழைச்சிட்டுப் போக வர்றீங்களா? எப்ப?... என்னது?... அம்மாவைக் கேட்டுட்டு சொல்றீங்களா?"

மகள் வெளியே வந்தாள். அம்மாவின் தோளிலிருந்து ரிசீவரை எடுத்தாள். காதில்கூட வைக்கவில்லை, போனின் மேல் வைத்துவிட்டு, "அடுத்து யாருங்க?" என்று வாடிக்கையாளரிடம் மருந்துச் சீட்டுக்குக் கை நீட்டினாள்.