ஓரம் மடங்காத ரசீது

உங்கள் விசாரணை மேசை ஓரத்தில் இந்த ஸ்டிக்கரை யாரோ பாதி உரித்து அப்படியே விட்டிருக்கிறார்கள். அரைகுறை வேலை எனக்கு ஆகாது. பேசிக்கொண்டே உரிக்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள் ஐயா. இப்போதெல்லாம் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

என் பெயர் சென்னகிருஷ்ணன். ஓசூரில் இருபத்திரண்டு வருடமாகக் கோர்ட்டுச் சம்மன்களை வீடு வீடாகக் கொடுப்பது என் வேலை. ஆள் இல்லாவிட்டால் மூன்று தடவை போய்ப் பார்த்து, சாட்சி வைத்துக் கதவில் ஒட்ட வேண்டும். நான் ஒரே தடவைதான் போவேன், காலை பதினொரு மணிக்கு. அந்நேரம் பாகலூர் ரோட்டு லைன் வீடுகளில் யார் இருப்பார்கள்? எல்லாரும் கம்பெனியில். ஒட்டுவேன், செல்போனில் படம் எடுப்பேன், பசை காய்வதற்குள் உரித்து மடித்துப் பையில் போட்டுக்கொள்வேன். மூன்று தடவை போனதாக எழுதி, டீக்கடை முனிவேலிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கிவிடுவேன். வழக்குப் போட்ட பைனான்ஸ்காரர்கள் பெட்ரோலுக்கு ஏதோ கொடுப்பார்கள். அதையும் நான் மறைக்கவில்லை.

ஏன் உரித்தாய் என்கிறீர்கள். அக்கம்பக்கத்தில் பார்த்தால் அசிங்கம் இல்லையா? கடன்காரி என்று லைன் முழுக்கப் பேசுவார்கள். அங்கே பாதிப்பேர் கன்னடம், தெலுங்கு. கையில் கொடுத்தாலும் என்ன படிப்பார்கள், வந்துதான் என்ன சொல்வார்கள்? வாங்கியது வாங்கியதுதானே. அவர்கள் வராவிட்டால் ஒரே வாய்தாவில் தீர்ப்பாகிவிடும், எல்லாருக்கும் அலைச்சல் மிச்சம். இப்படித்தான் நினைத்தேன்.

ஜோதிமணி விஷயத்தில் அது பிசகிவிட்டது. கம்பெனியில் தகடு அழுத்துகிற பிரஸ் மிஷின் ஓட்டுகிற பெண். புருஷன் இல்லை, ஒன்பதாவது படிக்கிற மகள். சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு பிடித்த பிறகுதான் தன்மேல் தீர்ப்பு ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரிந்தது. அந்த வாரமே கோர்ட்டுக்கு ஓடிவந்தாள். வராந்தாவில் முதலில் கண்ணில் பட்டவன் நான்.

"இன்னா சார் இது, வண்டிக் கடனை நான் முழுசாக் கட்டிட்டனே. சம்மனுன்னு ஒண்ணும் எனக்கு வரலியே சார்" என்று ரசீதை நீட்டினாள்.

சீல், கையெழுத்து, தேதி எல்லாம் சரியாக இருந்தன. ரசீதைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தேன். சம்மன் வரவில்லையென்றால், தீர்ப்பு தெரிந்த நாளிலிருந்து முப்பது நாளுக்குள் மனுப் போட்டு அதை ரத்து செய்யச் சொல்லலாம். போட்டால் என்னைக் கூண்டில் ஏற்றிக் கேட்பார்கள். ஓய்வு பெற எனக்கு இன்னும் மூன்று வருடம் இருந்தது.

"ஒரிஜினலைக் குடும்மா. வக்கீல் செலவு எதுக்கு, நானே மனுவோட சேத்துடறேன். ஜெராக்ஸ் எடுத்து வெச்சிருக்கியா?" என்று அக்கறையாகவே கேட்டேன்.

"இல்ல சார்" என்றாள். கும்பிட்டுவிட்டுக் கொடுத்தாள்.

அவளுக்கு வியாழக்கிழமை வார லீவு. வியாழன் தவறாமல் வந்தாள். பெரிய ஐயா லீவு, ஃபைல் மேலே போயிருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன். மரியாதையாகத்தான் சொன்னேன். ஒரு தடவை டீகூட வாங்கிக் கொடுத்தேன். ஐந்தாவது வியாழன், "கெடு தாண்டிடுச்சும்மா" என்றேன்.

அவள் சண்டை போடவில்லை. "எனக்காக நீங்க இவ்ளோ அலைஞ்சீங்களே சார்" என்றாள்.

கெடு தாண்டினாலும் காரணம் காட்டி மனுப் போட இடமுண்டு. அதை அவள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

பிடித்தத்தை ஈடுகட்ட டபுள் ஷிப்ட் பார்த்தாள். தூக்கக் கலக்கத்தில் ஒரு நாள் வலது கையைப் பிரஸ்ஸுக்குள் விட்டுவிட்டாள். நான்கு விரல். மிஷின் பழசு, கை உள்ளே போனால் நிறுத்துகிற சென்சார் வேலை செய்யவில்லை என்கிறார்கள். அதற்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று தினமும் யோசிக்கிறேன். உட்கார்ந்து யோசிக்க முடியவில்லை, வீட்டுக்குள்ளேயே நடக்கிறேன். "செத்த உக்காருய்யா, பாக்கறவளுக்குத் தலை சுத்துது" என்று என் பெண்டாட்டி வெள்ளையம்மா திட்டுகிறாள்.

ஜோதிமணிக்கு வேலை போனது, பிடித்தம் நின்றது. வீட்டுச் சாமான்களை ஜப்தி செய்ய நோட்டீஸ் வந்தது. அதை நான் ஒட்டி உரிக்கவில்லை. சாயந்திரம் அவள் இருக்கிற நேரம் பார்த்துப் போய், முறைப்படி கையிலேயே கொடுத்தேன். இடது கையால் கையெழுத்துப் போட்டாள். ஒவ்வொரு எழுத்தாக, கோணலும் மாணலுமாக, ரொம்ப நேரம் பிடித்தது. நான் அவசரப்படுத்தவில்லை.

பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "அந்த ரசீது பத்திரமா இருக்குதுங்களா சார்?" என்று கேட்டாள்.

"பத்திரமா இருக்கும்மா" என்றேன்.

அதில் பொய் இல்லை ஐயா. வேறொருத்தன் என்றால் அன்றைக்கே கிழித்துப் போட்டிருப்பான். நான் பிளாஸ்டிக் கவரில் போட்டு, என் வீட்டு பீரோவில் வைத்துப் பார்த்துக்கொண்டேன். இதோ, கொண்டுவந்திருக்கிறேன். ஓரம்கூட மடங்கவில்லை, பாருங்கள்.